பாம்பன்காரருக்கு ஸ்வீடன் துப்பறியும் நாவல் ஏன் பிடிக்கவில்லை?

ஸ்காண்டிநேவியத் துப்பறியும் நாவல்களுக்கு உலகம் முழுக்கப் பெரிய பெயர். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து என்று அந்தப் பக்கத்து நாடுகளில் எழுதப்படும் இந்தக் கதைகள் கோடிக்கணக்கில் விற்கின்றன, சினிமாவாகின்றன, தொலைக்காட்சித் தொடர்களாகின்றன. அந்தப் பெயரை நம்பித் தமிழில் ஒன்றை வாங்கும் வாசகர் பாதியில் மூடி வைத்துவிடுகிறார். முடித்தவரும் உதட்டைப் பிதுக்குகிறார். பாம்பனிலும் ராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் இதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். 'நம்ம ஆட்களுக்குப் பொறுமை இல்லை' என்று இந்த ஏமாற்றத்தைத் தள்ளிவிடுவது நியாயம் இல்லை. அதற்குச் சரியான காரணங்கள் இருக்கின்றன. அவை நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் இல்லை என்பதுதான் விஷயம்.

பாம்பனில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூட நாளிலிருந்து மாத நாவல் படிக்கிறவர். கடையில் நரம்புக் கண்டுகள் அடுக்கிய தட்டுக்கு மேல்தட்டில் பழைய பாக்கெட் நாவல்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஸ்வீடன் நாவல் ஒன்றின் தமிழாக்கத்தை அவரிடம் கொடுத்திருந்தேன், 400 பக்கத்துக்கு மேல். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"கொலை நடந்தத நம்பிட்டேன் தம்பி. அந்த ஊரு ஆபீசுக வேலை செய்யிறதத்தான் நம்ப முடியல. போன் அடிச்சுக் கேட்டா பேரு, விலாசம், முன்னாடி எங்க குடியிருந்தான், எல்லாத்தையும் ஒடனே சொல்லிர்றான். பேப்பர்காரன் போயி நின்னா கவர்மெண்டு கடுதாசிய எடுத்து நீட்டிர்றான். எழுதுனவருக்கு வழி தெரியல, இப்படிச் சமாளிச்சுட்டாரு."

"இல்லண்ணே, அங்க நெசமாவே அப்படித்தான்."

"அப்ப அத முன்னாடியே சொல்லணும்ல?"

அவர் கேட்டது முழுக்க முழுக்கச் சரி. அந்த முன்னாடி சொல்ல வேண்டிய சேதி என்ன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பனியை ஒதுக்கிவிடலாம். இந்த நாவல்கள் நமக்கு ஒட்டாததற்கு எல்லோரும் சட்டென்று சொல்வது தட்பவெப்பத்தைத்தான். ராமநாதபுரத்தில் வருஷத்தின் மிகக் குட்டையான பகல்கூடச் சுமார் 11½ மணி நேரம். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் பகல் 6 மணி நேரம்தான், மத்தியானம் 3 மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். அந்த இருட்டும் குளிரும் உப்புக்காற்றில் வளர்ந்தவனுக்கு எப்படிப் புரியும் என்பார்கள். ஆனால் இதே வாசகர்கள்தான் ரஷ்ய நாவல்களில் ஆழ்ந்து கிடந்தார்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றது. பனிச்சறுக்கு வண்டியும் ஓநாயும் சமோவாரும் சீமைக்கருவேலங்காட்டு வாசகருக்கு ஒரு தடையாகவே இல்லை. பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே இருந்துகொண்டு ரஷ்ய மொழியிலிருந்து நேராகத் தமிழாக்கினார்கள். காண்டேகரை மராத்தியிலிருந்து நேரே கொண்டுவந்தார் கா. ஸ்ரீ. ஸ்ரீ. காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்தவர்கள் உண்டு. தூரம் ஒரு பிரச்சினையாக இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

சரி, பிறகு எதில் இடிக்கிறது? இந்த நாவல்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதில் இடிக்கிறது.

இந்த வகைக்கு அடித்தளம் போட்டவர்கள் மாய் ஷோவால், பெர் வாலோ என்ற இணை. 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக் என்ற போலீஸ் அதிகாரியை வைத்துப் பத்து நாவல்கள் எழுதினார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதினார்கள் என்பது பிரபலமான தகவல். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பத்து நாவல்களுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பொதுத் தலைப்பு 'ஒரு குற்றத்தின் கதை'. பத்து நாவலில் பத்துக்கு மேற்பட்ட குற்றங்கள் இருக்கும்போது எதற்கு 'ஒரு' குற்றம்? இருவரும் மார்க்சியர்கள். ஸ்வீடன் அரசு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறியதைத்தான் அவர்கள் அந்தக் குற்றமாகக் கருதினார்கள்.

அது என்ன வாக்கு என்று தெரிந்துகொள்ள 1928க்குப் போக வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் அந்த வருஷம் நாடாளுமன்றத்தில் பேசியபோது, நாடு என்பது மக்களின் வீடாக இருக்க வேண்டும், நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் கிடையாது மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்ற பொருளில் பேசினார். 1932இல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர 1976 வரை தொடர்ந்து ஆண்டது. மருத்துவம், கல்வி, முதியோர் பராமரிப்பு, வீடு என்று எல்லாவற்றையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மூன்று தலைமுறை அதை நம்பி வளர்ந்தது. அப்படி நம்பின மக்களிடம்தான் இந்த நாவல்கள் பேசுகின்றன. 'நம் வீட்டுக்குள் இப்படி நடக்குமா?' என்ற அதிர்ச்சி அந்த வாசகருக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. எழுத்தாளர் அதைத் தட்டி எழுப்பினால் போதும்.

மார்ட்டின் பெக் வரிசை தொடங்கிய அதே 1965ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி, அதுவரை ஊராட்சி அமைப்புகளின் கையில் இருந்த ஸ்வீடன் போலீஸ் முழுவதும் மைய அரசின் கீழ் போனது. உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த முகமாக இருந்த போலீஸ் ஒரு பெரிய எந்திரமாகிக்கொண்டிருக்கிறது என்ற கவலை மார்ட்டின் பெக் வரிசையில் திரும்பத் திரும்ப வரும். இது தெரியாமல் படித்தால் போலீஸ்காரர்கள் ஏன் தலைமையகத்தைப் பற்றி இத்தனை பக்கம் புலம்புகிறார்கள் என்று எரிச்சல்தான் வரும்.

அந்த வரிசையின் முதல் நாவல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். மோட்டாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருக்கிறது ஓர் இயந்திரம். வாளி மேலே வரும்போது சேற்றோடு ஒரு பெண்ணின் உடலும் வருகிறது. யார் என்று தெரியவில்லை. காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. வாரங்கள் போகின்றன, மாதங்கள் போகின்றன. மார்ட்டின் பெக் சளியோடும் வயிற்றுவலியோடும் ரயிலில் போய் வருகிறார், கடிதம் எழுதுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். நம் வாசகர் இந்த இடத்தில்தான் 'இழுவை' என்று புத்தகத்தைக் கீழே வைக்கிறார். உண்மையில் அந்தக் காத்திருப்புதான் கதையே. பேர் தெரியாத ஒரு பெண்ணுக்காக, சம்பளம் வாங்கும் சாதாரண மனிதர்கள் சிலர் மாதக்கணக்கில் விடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 'யாரும் கேட்காத ஒரு பொம்பளைக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு மெனக்கெடுமா' என்று நம்மில் ஒருவருக்குத் தோன்றியிருந்தால் அவர் அந்த நாவலைச் சரியாகப் படிக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கேள்வியில் நின்று படிக்கும்படி யாரும் அவரைத் தயார் செய்யவில்லை. பின்னட்டையில் 'ரத்தத்தை உறையவைக்கும்' என்று போட்டிருந்தால் அவர் ரத்தம் உறைவதற்குத்தான் காத்திருப்பார்.

இப்போது பாம்பன் அண்ணனின் புகாருக்கு வருகிறேன். எழுத்தாளர் சமாளித்துவிட்டார் என்று அவர் நினைத்த ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருக்கிறது.

பத்திரிகைக்காரர் கேட்டதும் அரசுக் கோப்பு கைக்கு வருகிறதே, அதன் வயது இரண்டரை நூற்றாண்டுக்கு மேல். 1766இல் ஸ்வீடன் ஓர் அச்சுச் சுதந்திரச் சட்டம் போட்டது. அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணம் பொதுச்சொத்து, ரகசியம் என்று சட்டம் தனியாகச் சொன்னவை தவிர மற்றதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்ற கொள்கை அதிலிருந்துதான் வருகிறது. கேட்பவர் தன் பேரைச் சொல்லவோ காரணம் சொல்லவோ தேவை இல்லை. நம்மிடம் தகவல் உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997இலும் நாடு முழுக்க 2005இலும் வந்தது. மனுப் போட்டு, 30 நாள் காத்திருந்து, பதில் வராமல் மேல்முறையீடு செய்து பழகிய நமக்கு, நாவலில் வரும் நிருபர் ஒரே பிற்பகலில் கோப்பைப் புரட்டுவது பொய்யாகத் தெரிவது இயல்புதான்.

விலாசம் கிடைப்பதும் அப்படியே. 1947 முதல் ஸ்வீடனில் ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியில் தொடங்கும் அடையாள எண் உண்டு. வீடு மாறினால் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை 1991 நடுப்பகுதி வரை தேவாலயப் பங்குகள்தான் வைத்திருந்தன, அப்புறம்தான் வரித்துறைக்குப் போனது. பழைய நாவல்களில் போலீஸ்காரர் ஒருவர் திருச்சபை அலுவலகத்துக்குப் போன் போட்டால் பாவமன்னிப்புக்காக இல்லை, விலாசத்துக்காக.

இன்னொன்று, இது கதையின் முடிச்சையே தொடுவது. ஸ்வீடனில் கொலைக்குக்கூடக் காலவரம்பு இருந்தது. 25 வருஷம் தாண்டிவிட்டால் கொலைகாரன் எதிரில் வந்து நின்று ஒப்புக்கொண்டாலும் வழக்குப் போட முடியாது. 2010 ஜூலை 1ஆம் தேதிதான் அந்த வரம்பை எடுத்தார்கள், அதுவும் 1985 ஜூலைக்குப் பிந்திய கொலைகளுக்கு மட்டும். பிரதமர் ஒலாஃப் பால்மே 1986 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு மெய்க்காவலர் இல்லாமல் வீட்டுக்கு நடந்துபோகும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். வரம்பை எடுத்திருக்காவிட்டால் அந்த வழக்கே 2011இல் செத்துப்போயிருக்கும். (2020இல் அரசு வழக்கறிஞர், சந்தேகப்படும் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லி வழக்கை முடித்தார்.) ஆகவே பழைய கொலை ஒன்றைத் தோண்டும் ஸ்வீடன் நாவலில் அதிகாரி நாள்காட்டியைப் பார்த்துப் பதறினால் அவருக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. நம் வாசகருக்கு அந்தக் கடிகாரம் கேட்காது. கதையின் பாதி விறுவிறுப்பு அந்த ஒற்றை இடத்தில் வடிந்துபோகிறது. பக்கத்தின் அடியில் இரண்டு வரிக் குறிப்புப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அதேபோல அங்கே பெரிய குற்றங்களின் விசாரணையை நடத்துவது அரசு வழக்கறிஞர். கைது செய்து வைத்திருப்பதும் விடுவதும் முதலில் அவர் கையில். தொடர்ந்து காவலில் வைக்க, நான்கு நாளுக்குள் நீதிமன்றத்தின் முன் விசாரணை நடக்க வேண்டும். நம் ஊரில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர். இது தெரியாத வாசகருக்கு, கெட்டிக்கார அதிகாரி எதற்கெடுத்தாலும் ஒரு வக்கீல் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பது கோழைத்தனமாகப் படும். புதிதாகச் சேர்ந்த காவலர் தலைமை அதிகாரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் திமிராகப் படும். அங்கே அது அன்றாடம்.

இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏமாற்றத்தின் அடி தெரியும். அந்த நாவல்கள் அரசை நம்புகிறவருக்கு, அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று காட்டுகின்றன. நம் கரையில் அந்த நம்பிக்கை அந்த அளவில் என்றைக்குமே இருந்தது கிடையாது. தமிழ்நாட்டில் ஓர் அரசு ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டினால் அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். தண்டனையாக வந்து சேர்ந்த அதிகாரி மாறுதல் உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டே இருந்த காலத்தை இங்கே எல்லாக் குடும்பமும் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து, 'அரசு நம்மைக் கைவிட்டுவிட்டதே' என்று திடுக்கிடும் ஒரு கதையைப் படித்தால் திடுக்கிட ஒன்றும் இருக்காது. 'இதுக்கா இந்த ஆள் இவ்வளவு குடிக்கிறார்?' என்றுதான் கேட்கத் தோன்றும். (குடி என்றதும் ஒரு சின்னத் தகவல். ஸ்வீடனிலும் மதுக்கடை அரசுடையதுதான், 1955இலிருந்து. டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது 2003இல். இந்த ஒரு விஷயத்துக்கு நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது.)

தமிழ்த் துப்பறியும் கதைகளின் நாயகர்கள் யார் என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனில் தொடங்குவோம். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் சங்கர்லாலைப் படைத்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எல்லாம் தனியார் துப்பறியும் நிறுவனத்துக்காரர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் போன்ற அரசு அதிகாரிகள் உண்டு, ஆனாலும் நம் மனசில் துப்பறிகிறவர் என்றால் பெரும்பாலும் இலாகாவுக்கு வெளியே நிற்கிறவர். சுறுசுறுப்பானவர், நன்றாக உடுத்துகிறவர், பேச்சில் சாமர்த்தியம் உள்ளவர். இலாகாவால் முடியாததை அவர் முடித்துக் காட்டுவார். அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. கோப்பு நகராத ஊரில் கோப்பைத் தாண்டிக் குதிக்கும் ஆள்தான் நாயகன்.

ஸ்காண்டிநேவிய நாயகர் அரசுச் சம்பளக்காரர். சர்க்கரை வியாதி, விவாகரத்து, பேசாத மகள், துவைக்காத சட்டை. அவருக்குக் குதிக்க வேண்டிய தேவையே இல்லை. கோப்பு நகரும் ஊரில், அது நகர்ந்தும் ஏன் மனிதர்கள் காப்பாற்றப்படவில்லை என்பதுதான் அவருடைய துக்கம். நம் வாசகர் அவரிடம் சங்கர்லாலைத் தேடுகிறார். கிடைக்காமல் போவது இருவர் குற்றமும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் இந்தக் கதைகள் நமக்கு வேண்டாம் என்று முடித்துவிடலாமே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாட்டிலேயே இவற்றை நெருக்கமாகப் படிக்கக்கூடிய வாசகர்கள் இருந்தால் அவர்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலின் கதைகள் நடக்கும் ஊரைப் பார்க்க வேண்டும்.

வாலண்டர் என்ற போலீஸ் அதிகாரியை வைத்து எழுதிய தன் வரிசைக்கு மான்கெல் எடுத்துக்கொண்ட இடம் ஸ்டாக்ஹோம் இல்லை. ஸ்வீடனின் தென்கோடியில், கடலோரத்தில் இருக்கும் ஈஸ்டாட் என்ற சிற்றூர். அங்கிருந்து போலந்துக்குக் கப்பல் போகிறது. எதிர்க்கரையில் வேறு நாடு, வேறு மொழி, வேறு சட்டம். அந்தக் கரையில் ஏதாவது உடைந்தால் இந்தக் கரையில் ஆள் வந்து ஒதுங்குவார்கள். வரிசையின் இரண்டாவது நாவல், இரண்டு பிணங்களோடு மிதந்து வரும் ஒரு ரப்பர் படகில் தொடங்குகிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஊரில், அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் தீடையில் இறக்கிவிடப்பட்டவர்களைப் படகில் போய் மீட்டுவரும் ஊரில் இந்தத் தொடக்கம் அந்நியமாக இருக்குமா?

வரிசையின் முதல் நாவல் 1991இல் வந்தது. தனித்த பண்ணைவீடு ஒன்றில் வயதான தம்பதி தாக்கப்படுகிறார்கள். சாகும்போது கிழவி சொல்லும் கடைசிச் சொல்லிலிருந்து, செய்தவர்கள் வெளிநாட்டார் என்ற பேச்சு வெளியே கசிகிறது. அவ்வளவுதான், அகதி முகாமுக்குத் தீ வைக்கிறார்கள், சம்பந்தமே இல்லாத ஒரு சோமாலியர் சுட்டுக்கொல்லப்படுகிறார். இது கற்பனையில் மட்டும் பிறந்தது இல்லை. ஈஸ்டாடுக்குப் பக்கத்து ஊரான ஷோபோ, அகதிகள் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று 1988இல் வாக்கெடுப்பு நடத்தியே தீர்மானித்தது. நாவல் வந்த அதே 1991 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜனவரி வரை ஒருவன் ஸ்டாக்ஹோமிலும் உப்சாலாவிலும் வெளிநாட்டுத் தோற்றம் உள்ளவர்களாகப் பார்த்து 11 பேரைச் சுட்டான். ஒருவர் இறந்தார்.

இப்போது மண்டபம் அகதி முகாமை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை வெள்ளைக்காரன் தடுத்துவைத்துச் சோதித்த அதே இடத்தில், 1983க்குப் பிறகு அங்கிருந்து தப்பி வந்தவர்களைப் பதிந்தார்கள். 2022இல் இலங்கையில் அரிசியும் பாலும் எட்டாத விலைக்குப் போனபோது மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. முகாமில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஏதாவது ஒன்று நடந்தால் போலீசின் கியூ பிரிவு முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு சொல் கசிந்தால் ஒரு முகாமே குற்றவாளி ஆகிவிடும் என்ற அந்த நாவலின் பயம், ஸ்டாக்ஹோம் வாசகரைவிட மண்டபம் வாசகருக்குப் பழக்கமானது.

கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எதிரே இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே உயிர், நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் தொழில், மறுபக்கம் கடத்தல். வலையில் தானாக ஏறி வந்த அட்டையைத் திருப்பிக் கடலில் போடும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான் வள்ளத்துக்காரன். சட்டம் ஒரு மனிதனை எப்படிக் குற்றவாளியாக ஆக்குகிறது என்பதைப் பற்றித்தான் ஷோவாலும் வாலோவும் பத்து நாவல் எழுதினார்கள். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள இந்தக் கரைக்குச் சகல தகுதியும் இருக்கிறது.

அப்படியிருந்தும் கைக்கு வரும் புத்தகம் ஏமாற்றுகிறது என்றால் அது வந்துசேரும் வழியையும் பார்க்க வேண்டும். ஸ்வீடன் மொழியோ நார்வே மொழியோ தெரிந்து நேரே தமிழில் தருகிறவர்கள் அரிது. பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வரும். ஆங்கிலத்தில் என்ன கை வைத்தார்களோ அதுவும் சேர்ந்தே வரும். ஸ்டீக் லார்சன் தன் நாவலுக்கு வைத்த தலைப்பு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. அவர் 2004இல் இறந்த பிறகு 2005இல் அந்தத் தலைப்பில்தான் ஸ்வீடனில் வெளியானது. ஆங்கிலத்தில் டிராகன் பச்சை குத்திய பெண்ணாக அது மாறியது. இனவெறியர்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கத் தகவல் திரட்டிய ஒரு பத்திரிகையாளரின் கோபம் தலைப்பிலிருந்து மறைந்து, ஒரு விசித்திரமான பெண்ணைப் பற்றிய ஆவல் அந்த இடத்துக்கு வந்தது. பதிப்பாளர் செய்த திருத்தங்கள் பிடிக்காமல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் சொந்தப் பேரைப் போடாமல் புனைபேரில் வெளியிட்டார்.

வரிசை கலைவதும் பெரிய கொடுமை. நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போ, ஹாரி ஹோலே என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிய வரிசையில் முதல் நாவல் 1997இல் வந்தது. ஆங்கிலத்துக்கு முதலில் போனது ஐந்தாவது நாவல், 2005இல். முதலாவது ஆங்கிலத்தில் வந்தது 2012இல்தான். இவை எல்லாம் ஒரு மனிதன் வயதாவதை, உடன் வேலை பார்த்தவர்களை இழப்பதை, மகளோடு சமாதானமாவதை வருஷக்கணக்கில் பின்தொடரும் கதைகள். நடுவில் ஒன்றை உருவித் தமிழில் கொடுத்தால், பக்கம் பக்கமாக வரும் பழைய துயரம் எதற்கு என்று வாசகருக்குப் புரியாது. பாம்பன் அண்ணனிடம் நான் கொடுத்ததும் அப்படி நடுவிலிருந்து உருவியதுதான். அதில் முந்தைய கதையைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை, எந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்றும் போடவில்லை.

படிக்கும் நேரமும் வேறு. நார்வேயில் ஈஸ்டர் விடுமுறைக்குத் துப்பறியும் நாவல் வாங்கிக்கொண்டு மலைக்குடிசைக்குப் போவது 1923இலிருந்து வழக்கம். நாலைந்து நாள் பனியில் அடைந்து கிடக்கிறவருக்கு 500 பக்கம் தேவைப்படும். நம் மாத நாவல் மதுரை பஸ்ஸில் ஏறியதும் தொடங்கி மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கலையும் லேசானது இல்லை. இரண்டு தனித் தடங்களை ஓட்டிக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்துவைப்பதில் ராஜேஷ்குமாருக்கு இருக்கும் லாகவத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பழகிய கண்ணுக்கு 500 பக்கத்தைப் பழக்க, ஒரு மீன்பிடித் தடைக்காலம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாளில் வலைக்கடையிலும் வேலை குறைவுதான்.

ஆகவே மொழிபெயர்க்க நினைக்கிறவர்களிடமும் பதிப்பிக்கிறவர்களிடமும் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வரிசையை முதலிலிருந்து தொடங்குங்கள். முன்னால் நாலு பக்கம் ஒதுக்கி அந்த நாட்டில் விசாரணை எப்படி நடக்கும், யார் கைது செய்வார், எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், எந்த வருஷத்தில் கதை நடக்கிறது, அப்போது நாட்டில் என்ன கலகம் என்று எழுதுங்கள். ஒரு வரைபடம் போடுங்கள். எந்த மொழி வழியாக வந்தது என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். பின்னட்டையில் ரத்தத்தைக் குறைத்து, கதை எதைப் பற்றியது என்று எழுதுங்கள். ராமநாதபுரம் பக்கம் விற்க வேண்டும் என்றால் பெருநகரக் கதைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த 1991ஆம் வருஷத்து ஈஸ்டாட் கதையை முதலில் கொண்டுவாருங்கள்.